கணக்காளருக்கு ஒரு செயற்கை நுண்ணறிவுப் பரீட்சை

ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வந்த புதிதில் எம்மவர் பலருக்குக் கைகொடுத்தது இன்வொய்ஸ்களைக் கணினியில் பதியும் வேலைதான். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை மென்பொருளே செய்துவிடுகிறது. ஆகவே நாங்கள் சிலர் சேர்ந்து, அமேசனின் கிளவுட் நிறுவனம் 2024இல் தொடங்கிய 'ஏ.டபிள்யூ.எஸ். சேர்ட்டிஃபைட் ஏ.ஐ. பிராக்டிஷனர்' என்ற ஆரம்பநிலைப் பரீட்சைக்குப் படிக்கிறோம். இச்சான்றிதழ் மட்டும் வேலை தேடித் தராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் அலுவலகக் கூட்டத்தில் வாய் மூடி இருக்கவேண்டிய நிலை மாறும்.

90 நிமிடத்தில் 65 வினாக்கள். அவற்றில் 15 வினாக்களுக்குப் புள்ளி இல்லை; எவை என்பது நமக்குத் தெரியாது. சித்தியடைய 1000க்கு 700 வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, எனவே எதையும் வெறுமையாக விடக்கூடாது. நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. ஜெனரேட்டிவ் ஏ.ஐ.யும் அதன் பயன்பாடுகளுமே நூற்றுக்கு 52 பங்கு. படிப்பையும் அங்கே தொடங்குவது நல்லது.

பலர் தடுமாறும் இடம் பிரிசிஷன், ரீகோல் என்ற இரண்டு அளவுகள். கணக்காய்வு செய்தவருக்கு இது புதிதல்ல. ஓராண்டு இன்வொய்ஸ்களில் 40 போலி என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் 50ஐச் சந்தேகித்தது. அவற்றில் 30 உண்மையில் போலி. சந்தேகித்த 50இல் 30 சரி, ஆகவே பிரிசிஷன் 60 வீதம். இருந்த 40இல் 30 அகப்பட்டது, ஆகவே ரீகோல் 75 வீதம். ஒரு நோயாளியையும் தவறவிடக்கூடாத பரிசோதனைக்கு ரீகோல் முக்கியம். குற்றமற்றவர்மேல் பழி விழக்கூடாத இடத்தில் பிரிசிஷன் முக்கியம்.

பொறுப்பான பயன்பாடு என்ற பகுதிக்கு 14 வீதம்தான். ஆயினும் அதை மேலோட்டமாகப் படிக்கவேண்டாம். இந்நாட்டு 'ரோபோடெட்' விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவன் மூன்று மாதம் கடையில் வேலை செய்து 13,000 டொலர் உழைக்கிறான். மற்ற மாதங்களில் அரச உதவி பெறுகிறான். கணினி அந்த 13,000ஐ 26 இருவாரங்களால் வகுத்து, இருவாரத்துக்கு 500 டொலர் வருமானம் வந்ததாக எண்ணிக்கொள்கிறது. உதவி பெற்ற மாதங்களில் வருமானத்தை மறைத்தான் என்று கடன் கடிதம் போகிறது. இது செயற்கை நுண்ணறிவுகூட அல்ல, வெறும் வகுத்தல். முதலாம் ஆண்டுக் கணக்கியல் மாணவனுக்கே தெரியும் பிழை! 2023 யூலையில் வெளியான அரச விசாரணை ஆணைக்குழு அறிக்கை இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. முடிவு வெளியே போகுமுன் ஒரு மனிதர் பார்க்கவேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்வதன் பொருள் இதுதான்.

சேவைகளின் பெயர்களைச் சுருக்கமாக நினைவில் வைக்கலாம். ஆயத்த மாதிரிகளைப் பயன்படுத்த பெட்ரொக்; சொந்தமாகப் பயிற்றுவிக்க சேஜ்மேக்கர்; பத்திரங்களிலிருந்து எழுத்தையும் எண்ணையும் பிரித்தெடுக்க டெக்ஸ்ட்ராக்ட். பாதுகாப்புப் பொறுப்பு வங்கி லொக்கரைப் போன்றது. கட்டிடத்தை வங்கி காக்கும், சாவியை நாம்தான் காக்கவேண்டும்.

பரீட்சை வினாக்கள் என்று சொல்லி விற்கப்படுபவற்றை வாங்கவேண்டாம். அது விதிமீறல், சான்றிதழே ரத்தாகலாம். ஊரில் பழைய வினாத்தாள்களைப் பாடமாக்கி, கேள்வி சற்று மாறியதும் விழித்த மாணவர்களை நாம் அறிவோம். மாதிரிகளில் அதே நோய்க்கு ஓவர்ஃபிட்டிங் என்று பெயர். அதுவும் வினாவாக வரும்.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு 30 நிமிடம் மேலதிகமாகத் தருகிறார்கள். பரீட்சைக்குப் பதியுமுன்பே அதைக் கேட்டு அனுமதி பெறவேண்டும். எம்மில் பலர் இதை அறியாதிருந்தோம். பதியும் பெயரும் அடையாள ஆவணத்திலுள்ளபடியே இருக்கவேண்டும். தகப்பனார் பெயரை ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுதாகவும் எழுதும் நம்மவர்கள் கட்டணம் செலுத்துமுன் கடவுச்சீட்டை எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.