வெயிலில் நீளும் தளம்

மரக்காணம் உப்பளங்களில் கடல்நீரை உப்பாக்கும் அதே வெயில், அருகிலுள்ள எக்கியார்குப்பத்தின் கான்கிரீட் மாடிகளையும் காய்ச்சுகிறது. நண்பகலில் அங்கு வெறுங்காலுடன் நிற்க முடியாது. விடியற்காலையிலோ தளம் குளிர்ந்து கிடக்கும். நாள்தோறும் சூடேறி ஆறும் தளத்திற்கு என்ன நேர்கிறது?

சூடேறினால் திடப்பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள கான்கிரீட், வெப்பநிலை 1° செ. கூடும்போது ஏறத்தாழ 0.01 மி.மீ. நீள்கிறது. ஆகவே 10 மீட்டர் தளம் 30° செ. சூடேறினால்,

0.01 × 10 × 30 = 3 மி.மீ. நீளும்.

மூன்று மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். நீளும் தளம் சுவரைத் தள்ளுகிறது. தளத்திற்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக வெடிப்பு விழுகிறது. சுருங்கும்போது சுவர் விடாமல் பிடித்துக்கொண்டால், தளமே வெடிக்கிறது. ஏனெனில் கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது.

குளிர்நாடுகளில் வீட்டுத் தரைக்குள் குழாய்களைப் பதித்து, வெந்நீரை ஓடவிட்டு அறையைச் சூடாக்குகிறார்கள். அங்கும் இதே சிக்கல்தான். அதனால் தரையைச் சுவரோடு ஒட்டவிடாமல், சுற்றிலும் நுரைப் பட்டை வைக்கிறார்கள். தரை விரியும்போது பட்டை நசுங்கி இடம் தருகிறது. பிளாஸ்டிக் குழாய் கான்கிரீட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியக்கூடியது. ஆனால் அது மென்மையானது. சுற்றியுள்ள கான்கிரீட் அதை நீளவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரும்புக் கம்பியோ கடினமானது. நல்லவேளையாக, அதன் விரிவு கான்கிரீட்டின் விரிவை ஒட்டியே இருக்கிறது. இல்லாவிடில் கம்பி கட்டிய கான்கிரீட்டே நிலைத்திராது!

கடலோரத்தில் சிறு வெடிப்பும் ஆபத்தானது. உப்பு ஈரம் அதன் வழியே கம்பியை அடைந்து துருவேற்றுகிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. தளத்தின் அடிப்பகுதி பெயர்ந்து விழுகிறது.

இதைத் தடுப்பது எப்படி? சுவரின் தலையை வழவழப்பாகப் பூசி, தார்த்தாள் விரித்து, அதன்மேல் தளம் அமைத்தால் அது நழுவ வழி கிடைக்கும். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டால் வெப்பம் குறையும். கட்டடம் 45 மீட்டருக்கு மேல் நீண்டால், இடையில் விரிவு இடைவெளி விட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி.

கணக்கிடுங்கள்: 40 மீட்டர் நீளமுள்ள பள்ளி மாடி 25° செ. சூடேறினால் எவ்வளவு நீளும்?

(விடை: 10 மி.மீ.)