வாய்பாடும் தமிழ்ப் புணர்ச்சியும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களுள் 25, திறனறிவும் மனக்கணக்கும் பற்றியவை. கணிப்பானுக்கு அங்கு இடமில்லை. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து அத்தேர்வெழுதச் செல்லும் தமிழிலக்கிய மாணாக்கர் சிலர், அந்த இருபத்தைந்தையும் விதியின் பொறுப்பில் விட்டுவிடுகின்றனர். ஏழாம், எட்டாம் வாய்பாடுகளில் பற்றிய அச்சமே இதற்கு வேர் எனலாம்.

நம் முன்னோர் வாய்பாட்டைச் செவியால் கற்றனர். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை எண்சுவடியை முன்மொழிய, ஏனையோர் பின்மொழிந்தனர். ஈரெட்டு, மூவெட்டு, ஐயெட்டு, ஏழெட்டு என நன்னூலார் இலக்கணம் கூறும் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியே அங்கு ஓசையாகி நினைவைத் தாங்கிற்று. ‘எட்டு இன்ட்டூ ஏழு’ என்போர்க்கு அவ்வோசைத் துணை இல்லை.

ஆயினும் மனனம் செய்யவேண்டியவை மலையளவு அல்ல. பத்துக்குப் பத்து எனப் பெருக்கங்கள் 100. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே ஆதலின் எஞ்சுவன 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் வாய்பாடுகள் எளியவை. ஒன்பதுக்கோ, பத்தால் பெருக்கி அவ்வெண்ணையே ஒருமுறை கழித்தால் போதும்: ஒன்பதேழு, 70-இல் 7 போக 63. ‘ஒன்பது’ என்னும் பெயருக்குள்ளேயே பத்து ஒளிந்திருப்பதைத் தமிழ் மாணாக்கர் மறக்கலாகாது! இவை யாவும் நீங்கின் 15 பெருக்கங்களே மிஞ்சும்.

அவற்றுள்ளும் ஆறு முதல் எட்டு வரையிலான எண்கள் தமக்குள் பெருகும் ஆறனைக் குறைநோக்கிக் காணலாம். ஏழுக்குப் பத்தில் குறை 3. எட்டுக்குக் குறை 2. ஏழில் இரண்டைக் கழிக்க 5. இது பத்தின் இடம். குறைகளைப் பெருக்க 6. இது ஒன்றின் இடம். விடை 56. ஆறேழில் மட்டும் சற்று விழிப்பு வேண்டும். குறைகள் 4, 3. அவற்றின் பெருக்கம் 12. ஆறில் மூன்று போக மூன்று பத்துகள். 30-உடன் 12-ஐக் கூட்ட 42. ஆறாறும் இவ்வாறே: 20-உடன் 16.

பேரறிஞர் இப்னு சீனா இளமையில் இந்தியக் கணக்கு முறையைக் கற்கத் தம் தந்தையாரால் அனுப்பப்பட்டது ஒரு காய்கறி வணிகரிடம். அச்செய்தியை அவரே தம் வரலாற்றில் குறித்துள்ளார். நம் பூவிருந்தவல்லிக் கடைத்தெருவிலும் தாளின்றிக் கணக்கிடும் வணிகர் உளர். மாலையில் அரைமணி நேரம் அவர்தம் கடையருகே நின்று செவிமடுக்கலாம்.