சின்னக் குழலும் கிரவுஸ் பறவையும்: டபுள் பேரல் வாங்கும் முன்

மிச்சிகனின் வடக்குக் காடுகளில் இளம் ஆஸ்பென் மரங்கள் நாற்றங்கால் மாதிரி நெருங்கி நிற்கும். முன்னால் போகும் நாய் சட்டென்று நிற்கும். அதன் கழுத்து மணியும் ஓயும். அடுத்த நொடி, நம் கௌதாரிக்கு உறவான ரஃப்டு கிரவுஸ் படபடவென்று கிளம்பி மரங்களுக்குள் மறைந்துவிடும். நமக்குக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு நொடி. தூரம் பெரும்பாலும் 25 மீட்டருக்குள். நாள் முழுக்கச் சுமந்து நடக்கவும், அந்த இரண்டு நொடியில் தோளுக்கு ஏற்றவும் தோதான துப்பாக்கி வேண்டும். அதனால்தான் பலர் 12 கேஜை விட்டுச் சின்னக் குழலுக்கு வருகிறார்கள்.

கேஜ் கணக்கு தலைகீழானது. ஒரு பவுண்டு ஈயத்தை 20 சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டையின் விட்டமே 20 கேஜ் குழலின் விட்டம்: 15.6 மில்லிமீட்டர். 28 கேஜுக்கு 14. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 410 மட்டும் விதிவிலக்கு. அது அங்குலத்தில் சொன்ன விட்டம், சுமார் 10.4 மில்லிமீட்டர்.

காட்டுப் பறவைகளை விளையாட்டுக்காக வேட்டையாட இந்தியச் சட்டத்தில் இடமில்லை. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமம் வாங்கி, பருவம் பார்த்துச் செய்யும் வேட்டைக்கு மட்டும்.

செய்ய வேண்டியவை

• முதலில் உரிமம், பிறகு துப்பாக்கி. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. கடைக்குப் போகும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

• முதல் துப்பாக்கி என்றால் 20 கேஜ் வாங்குங்கள். வழக்கமான தோட்டாவில் 25 கிராம் ரவை. கிரவுஸுக்கும், உள்ளான் குடும்பத்து உட்காக்குக்கும், காடைக்கும் அது தாராளம். தோட்டாவும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

• உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆளில்லாத பக்கச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்துக் கண்ணைத் திறங்கள். குழல் மேட்டின் நுனியிலுள்ள மணி அந்தப் புள்ளியில் இருந்தால் அது உங்கள் துப்பாக்கி. குழல் தெரியாமல் பூட்டின் முதுகு மட்டும் தெரிந்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. குழல் மேடு முழுக்க ஏறுசாலை போலத் தெரிந்தால் கட்டை உயரம். பத்துத் தடவை செய்யுங்கள். புதிய துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் முனைவரை பெரும்பாலும் 36, 37 சென்டிமீட்டர் இருக்கும். கை குட்டையானவர்களுக்கு அது அக்குளில் சிக்கும். நல்ல துப்பாக்கிக் கம்மியர் அதை அறுத்துத் தருவார். அந்தச் செலவுக்கு அஞ்ச வேண்டாம்.

• 28 கேஜ் வாங்கினால் பூட்டுப் பகுதி 28க்கென்றே செய்ததா என்று கேளுங்கள். 20 கேஜ் பூட்டில் 28 குழலைப் பொருத்தி விற்பவையும் உண்டு. குழலின் துளை சிறுத்தும் வெளிச்சுற்று சிறுக்காததால், சில சமயம் அது 20 கேஜைவிடக் கனக்கும்.

• பழைய துப்பாக்கியானால் தட்டிப் பாருங்கள். குழல்களைக் கழற்றி, கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் கோயில் மணி போல நீண்டு ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் இரு குழலையும் இணைக்கும் பற்று எங்கோ விட்டிருக்கக்கூடும். பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை அசையுங்கள். பூட்டோடு சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

• இரட்டை விசைக்குத் தயங்க வேண்டாம். குழல் முனையின் இறுக்கத்தைச் சோக் என்கிறோம். ஒரு குழலில் திறந்த சோக், மற்றதில் சற்றே இறுக்கம். கிட்டவா எட்டவா என்று பார்த்து விரல் தானே தேர்ந்துகொள்ளும். அடர்ந்த காட்டில் முழு இறுக்கம் உதவாது. தவறவிடுவீர்கள், அல்லது கறியைச் சிதைப்பீர்கள்.

செய்யக்கூடாதவை

• 410 வாங்காதீர்கள். பார்க்க அழகு, கைக்கு இதம். ஆனால் இரண்டரை அங்குலத் தோட்டாவில் ரவை 14 கிராம்தான். ஓர் அக்டோபர் மாலையில் நான் அதில் சுட்ட உட்காக் கால் தொங்கியபடி பறந்து சதுப்புக்குள் இறங்கியது. நாயும் நானும் இருட்டும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. அந்த வாரமே துப்பாக்கியை விற்றுவிட்டேன். 410 கைதேர்ந்தவர்களின் கருவி; பழகுகிறவர் கையில் பறவையைக் காயப்படுத்தி அனுப்பும்.

• எடை குறைவு ஒன்றையே பார்க்காதீர்கள். ரவையின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி கனக்க வேண்டும் என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு. 25 கிராமுக்கு 2.4 கிலோ. அதற்கும் கீழே போனால் தோள் வலிக்கும். பறவையைத் தொடரும்போது குழல் பாதியில் நின்றுவிடும்.

• அறை நீளம் தெரியாமல் தோட்டா போடாதீர்கள். பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா 70 அல்லது 76. நீளத் தோட்டா உள்ளே போய்விடும், சுட்டால் அழுத்தம் எகிறும். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருந்தால் கம்மியர் சொல்லும்வரை சுடவே வேண்டாம்.

• பழைய குழலில் எஃகு ரவை போடாதீர்கள். அமெரிக்கா முழுவதும் 1991 முதல் வாத்து வேட்டைக்கு ஈயம் தடை. கலிபோர்னியாவில் 2019 முதல் எல்லா வேட்டைக்கும். அங்கெல்லாம் பழைய துப்பாக்கிக்கு பிஸ்மத் ரவை வாங்குங்கள்.

• 12, 20 கேஜ் தோட்டாக்களை ஒரே பையில் வைக்காதீர்கள். 12இன் அறைக்குள் 20 வழுக்கிப் போய்க் குழலின் தொண்டையில் தங்கிவிடும். காலி என்று நினைத்துப் பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை போகும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். 20க்குள் 28 போனாலும் இதே ஆபத்து.

• பூட்டின் பக்கத்தில் செதுக்கிய நாய்க்கும் பூவுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

மிச்சிகனில் கிரவுஸ் பருவம் செப்டம்பர் 15இல் தொடங்கும். ஜூனிலேயே வாங்கிவிடுங்கள். கோடை முழுக்கக் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகி, துப்பாக்கி கைக்கு வந்த பிறகு காட்டுக்குப் போங்கள்.