உயிர் பிரிந்த பின் உடல்

"உயிர் போன பிறகு உடம்பில் என்ன இருக்கிறது? புதைத்தால் என்ன, எரித்தால் என்ன?" 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் இக்கேள்வியைப் பலர் கேட்டார்கள். எல்லோரும் கெட்ட எண்ணத்துடன்தான் கேட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆன்மாவைப் பற்றிய ஒரு கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் அப்படிக் கேட்க முடியும். அந்தக் கொள்கை எது, அதற்கு மாறானவை எவை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க அறிஞர் சோக்கிரட்டீஸ் கி.மு. 399இல் நஞ்சு அருந்தி இறந்தார். அவருடைய கடைசி நாளை மாணவர் பிளேட்டோ 'பைடோ' என்ற நூலில் எழுதியுள்ளார். உங்களை எப்படி அடக்கம் செய்வது என்று நண்பர் கிரித்தோ கேட்கிறார். சோக்கிரட்டீஸ் சிரிக்கிறார். என்னைப் பிடிக்க முடிந்தால் விரும்பியபடி செய்யுங்கள், நீங்கள் புதைக்கப்போவது உடலைத்தான், என்னை அல்ல என்ற கருத்துப்பட விடை சொல்கிறார். ஆன்மா ஒரு கைதி, உடல் அதன் சிறை என்பது பிளேட்டோவின் கொள்கை. மேலே சொன்ன கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பகவத் கீதையும் ஆன்மா உடலை விடுவதைப் பழைய ஆடையைக் களைவதற்கு ஒப்பிடுகிறது. ஆனால் அதிலிருந்து உடலை எப்படியும் செய்யலாம் என்ற முடிவுக்கு இந்துக்கள் வரவில்லை. நம் வன்னியில் இந்துச் சகோதரர்கள் தீ மூட்டுவதும் ஒரு மரியாதையாகவே செய்யப்படுகிறது. சைவ சித்தாந்தத்தில் உடல் சிறைகூட அல்ல. இருளில் கிடக்கும் ஆன்மாவுக்கு இறைவன் கொடுத்த விளக்குப் போன்றது அது. பௌத்தமோ நிலையான ஆன்மா என்ற ஒன்றே இல்லை என்கிறது. அப்படியிருந்தும் புத்தரின் புனிதப் பல் கண்டியில் எவ்வளவு பக்தியுடன் பாதுகாக்கப்படுகிறது! ஆன்மா இல்லை என்பவர்களும் உடலின் ஒரு சிறு பகுதியைப் போற்றுகிறார்கள் என்பது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டோட்டில் குருவை மறுத்தார். கோடரிக்கு வெட்டும் தன்மை எப்படியோ, கண்ணுக்குப் பார்வை எப்படியோ, அப்படியே உடலுக்கு உயிர் என்றார். இரண்டையும் தனித்தனியாக எடுத்து வைக்க முடியாது. இதை விளங்கிக்கொள்ளத் தமிழ் மாணவிகளுக்குக் கோடரி தேவையில்லை. நம் இலக்கணமே எழுத்துகளை உயிர், மெய், உயிர்மெய் என்று பிரிக்கிறது. 'க' என்று சொல்லும்போது எது மெய், எது உயிர் என்று காதால் பிரித்துக் கேட்க முடிகிறதா? உடலுக்கு மெய் என்றும் உண்மைக்கு மெய் என்றும் ஒரே சொல் இருப்பது, உடலைப் பொய் என்று பாடிய சித்தர்களுக்குச் சிரமமாக இருந்திருக்கும். ஆனால் அரிஸ்டோட்டிலும் இறந்த கண் பெயரளவில்தான் கண் என்கிறார். ஆகவே நம் கேள்விக்கு அவரிடமும் முழு விடை இல்லை.

இஸ்லாமிய உலகில் இவ்விவாதம் கடுமையாக நடந்தது. இப்னு ஸீனா (980–1037) ஓர் உதாரணம் சொன்னார். ஒரு மனிதன் வெட்டவெளியில் மிதக்கிறான். எதையும் காணவில்லை, தொடவில்லை, தன் கைகால்கள் கூட ஒன்றையொன்று தொடவில்லை. அப்போதும் 'நான் இருக்கிறேன்' என்று அவன் அறிவான். எனவே ஆன்மா உடலிலிருந்து வேறானது என்பது அவர் வாதம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆன்மா உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மறுமையில் உடல் எழுப்பப்படாது, ஆன்மா மட்டுமே என்ற தத்துவவாதிகளின் முடிவை 1095இல் எழுதிய 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வில் வன்மையாகக் கண்டித்தார். அவர் மிகக் கடுமையாகக் கண்டித்த மூன்று விடயங்களில் இதுவும் ஒன்று. மண்ணிலிருந்து படைக்கப்பட்டு, மண்ணுக்கே மீட்டப்பட்டு, மீண்டும் மண்ணிலிருந்தே எழுப்பப்படுவோம் என்று ஸூரா தாஹா கூறுகிறது. நம்மிடம் உடல் என்பது களைந்தெறியும் ஆடை அல்ல.

இனி நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட் 19இனால் இறந்தவர்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார ஸ்தாபனம் இரண்டையும் அனுமதித்திருந்தும் இங்கே ஒன்றே அனுமதிக்கப்பட்டது. பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் இவ்விதி மாற்றப்பட்டது. மாற்றப்பட்டதும் அடக்குவதற்கு முதலில் தெரிவான இடம் எது தெரியுமா? நம் வன்னியின் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள இரணைதீவு. அங்கு வாழ்பவர்கள் கத்தோலிக்க மீனவர்கள். 1992இல் இடம்பெயர்ந்து 2018இல்தான் அவர்கள் தம் தீவுக்குத் திரும்பினார்கள். அவர்கள் இம்முடிவை எதிர்த்தார்கள். முஸ்லிம்களும் அந்த இடத்தை விரும்பவில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்தின் பிள்ளை என்ற வகையில், தம்மைக் கேளாமல் தம் மண்ணைத் தீர்மானித்தார்கள் என்ற அம்மக்களின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. பின்னர் ஓட்டமாவடி தெரிவாகி, 2021 மார்ச் 5இல் அங்கு அடக்கம் தொடங்கியது. ஏனைய சமயத்தவர் சிலரும் அங்கே அடக்கப்பட்டுள்ளனர். கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில்.

மணிமேகலை படித்தவர்களுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. அக்காப்பியத்தின் சக்கரவாளக் கோட்டத்தில் எரிப்பவர்களும், வெறுமனே இட்டுச் செல்பவர்களும், குழியில் புதைப்பவர்களும், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்பவர்களும், தாழியால் மூடுபவர்களும் ஒரே சுடுகாட்டைப் பயன்படுத்துகிறார்கள். பழைய புகார் நகரில் ஐந்துக்கும் இடம் இருந்திருக்கிறது.

அந்நாட்களில் பல தாய்மார் கேட்ட வேறொரு கேள்வியும் உண்டு. எரிக்கப்பட்டவர்கள் மறுமையில் எப்படி எழுப்பப்படுவார்கள்? இதற்கு ஸஹீஹுல் புகாரியில் விடை இருக்கிறது. முன்னொரு காலத்தில் ஒருவர் அல்லாஹ்வின் தண்டனைக்கு அஞ்சி, தன்னை எரித்துச் சாம்பலைத் தூவிவிடும்படி பிள்ளைகளிடம் சொன்னார். அல்லாஹ் அவரை ஒன்றுசேர்த்து, காரணம் கேட்டு, மன்னித்தான். ஆகவே நெருப்பால் அல்லாஹ்வைத் தடுக்க முடியாது. எரிக்கப்பட்டவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

அப்படியானால் நாம் ஏன் அழுதோம்? ரூஹ் இறைவனின் கட்டளையைச் சார்ந்தது, அதைப் பற்றி நமக்குத் தரப்பட்ட அறிவு சொற்பம் என்று ஸூரா பனீ இஸ்ராஈல் (17:85) சொல்கிறது. உடலைப் பற்றியோ விரிவான கட்டளைகள் வந்துள்ளன. ஆன்மாவுக்கு நாம் செய்யக்கூடியது துஆ மட்டும். உடல்தான் நம் கையில் விடப்பட்ட அமானிதம். என் உம்மம்மா பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டப் போகிறவர். தண்ணீர் சூடா குளிரா என்று தன் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டே மையித்தின் மேல் ஊற்றுவார். மூட்டுகளை மெதுவாக மடக்குவார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கழுவி, ஐந்து துணிகளில் கபனிடுவார். கண்டதை வெளியே சொல்லமாட்டார். எரிக்கப்பட்டவர்களுக்கு இவற்றில் ஒன்றைக்கூட யாராலும் செய்ய முடியவில்லை.