ஆறாத புண்ணும் மார்க்கச் சட்டமும்

சர்க்கரை நோயால் கால்புண் ஆறாமல் அவதியுறும் பெரியவர்களைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் நாம் காண்கிறோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையத்தில் டாக்டர் டி.வி. அனில்குமார் உருவாக்கிய 'கோலிடெர்ம்' என்னும் சவ்வுக்கு 2023இல் மத்திய அரசு ஒப்புதல் கிடைத்தது. புண்மேல் வைத்தால் புதுத் தோல் வளர அது பந்தலாக உதவும். ஆனால், அது பன்றியின் பித்தப்பையிலிருந்து எடுக்கப்படுவது!

பன்றி நஜீஸ் என்பதில் ஐயமில்லை. எனினும், முறிந்த எலும்பை இணைக்கத் தூய பொருள் கிடைக்காதபோது நஜீஸான எலும்பை வைத்தவர் மன்னிக்கப்படுவார் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். இதற்கும் அதுவே வழிகாட்டி. தூய மருந்து இருப்பின் அதையே நாடவேண்டும். இல்லையேல் நிர்ப்பந்தத்தின் அளவுக்கே சலுகை.

ஆகவே, "இது எதிலிருந்து எடுத்தது? வேறு மருந்து உண்டா?" என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்; பிறகு ஆலிமை அணுகுங்கள். தயங்கித் தயங்கிக் காலை இழப்பது பேணுதலாகாது. உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே.