உலாவி விரைந்தோட என்ன செய்யலாம்?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

தண்டையார்பேட்டையில் வாழும் நமக்குக் காத்திருத்தல் புதிதன்று. துறைமுகத்திற்குச் செல்லும் டிரெய்லர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கணினித் திரையிலும் இத்தகைய காத்திருத்தல் உண்டு. ஒரு பக்கத்தைத் திறந்தால் சிறு வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கமோ வராது. உடனே, “நெட் சரியில்லை” என்று கூறிவிடுகிறோம். ஆனால் குற்றம் எப்போதும் நெட்டின் மேல்தானா? எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு இதைக் கற்பித்தது. அன்புத் தோழியரே, அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் வீட்டு நிகழ்ச்சி

சென்ற ஆண்டு என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, கல்லூரியில் சேர விண்ணப்பம் செய்துகொண்டிருந்தாள். மறுநாள் கடைசி நாள். வீட்டில் இருந்தது 4 ஜி.பி. நினைவகம் கொண்ட ஒரு பழைய மடிக்கணினி மட்டுமே. மதிப்பெண் சான்றிதழின் படத்தை ஏற்றும் இடம் வந்ததும் திரை அசையாமல் நின்றுவிடும். ஐந்து முறை முயன்றோம். ஐந்து முறையும் அதே கதைதான். அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. அதைப் பொறுக்காத அம்மா, “கம்மலை அடகு வச்சாவது காலையில புதுசு ஒண்ணு வாங்கிடலாம்” என்றார்.

அப்பா டிரெய்லர் ஓட்டுபவர். கணினியைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. இருந்தாலும் அவர் சொன்னார்: “வண்டி இழுக்கலைன்னா உடனே ரோட்டைத் திட்டக் கூடாது. முதல்ல லோடைப் பாரு.”

நாங்கள் சுமையைப் பார்த்தோம். உலாவியில் 27 டேப்புகள் திறந்து கிடந்தன. 11 நீட்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் பலவற்றை யார் சேர்த்தது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை!

உலாவியும் அதன் சுமையும்

உலகின் முதல் உலாவியை டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1990-ஆம் ஆண்டில், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். அக்காலப் பக்கங்களில் பெரும்பாலும் எழுத்துகளே இருந்தன. இன்றோ ஒரே பக்கத்தில் படங்கள், காணொளிகள், விளம்பரங்கள், அவற்றை இயக்கும் சிறு நிரல்கள் என எல்லாம் வந்து குவிகின்றன. உலாவி இவற்றையெல்லாம் தனித்தனியே கேட்டு வாங்கி, பக்கமாக அடுக்கி, திரையில் வரைந்து காட்ட வேண்டும்.

2008 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டது. மதுரையில் பிறந்து நமது சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அவர்கள் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார் என்பது நமக்குப் பெருமை. ஒரு டேப்பில் கோளாறு ஏற்பட்டால் மற்றவை கவிழாதபடி டேப்புகளைத் தனித்தனியே இயக்கும் முறை அதில் இருந்தது. இது பாதுகாப்பானது; ஆனால் நினைவகத்தில் அதிக இடம் பிடிப்பது. 2023-ஆம் ஆண்டில் ஸோஹோ நிறுவனம் ‘உலா’ என்ற அழகிய தமிழ்ப் பெயருடன் ஓர் உலாவியை வெளியிட்டது. அதுவும் குரோமின் அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதே. ஆகவே உலாவி எதுவாயினும் சுமை ஏறினால் தளர்ந்துதான் போகும்.

நினைவகத்தை நாம் படிக்கும் மேசைக்கு ஒப்பிடலாம். மேசையில் இடமிருந்தால் வேண்டிய புத்தகத்தை உடனே எடுத்துப் படிக்கலாம். மேசை நிரம்பிவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுந்து அலமாரிக்குப் போக வேண்டும். கணினியும் அப்படியே! நினைவகம் நிரம்பியதும் அது பொருள்களை வட்டில் வைத்து வைத்து எடுக்கிறது. வட்டு நினைவகத்தைவிட மிகவும் மெதுவானது. அதனால்தான் திரை உறைகிறது.

விரைவுபடுத்தும் வழிகள்

1. கோளாறு இருக்கும் இடத்தை அறிதல்: அதே வைஃபை இணைப்பில் கைப்பேசியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே விரைவாக வந்தால் இணைப்பில் குறையில்லை, கணினியில்தான் குறை. இரண்டிலும் வராவிட்டால் இணைப்போ அந்தத் தளமோ காரணமாக இருக்கலாம். அப்போது நம் உலாவியை நோவது வீண்.

2. டேப்புகளைக் குறைத்தல்: “பிறகு படிக்கலாம்” என்று திறந்து வைப்பதைவிட, அந்தப் பக்கத்தைப் புக்மார்க் செய்துவிட்டு மூடுவதே சிறந்தது. குரோமின் அமைப்புகளில் ‘மெமரி சேவர்’ என்ற வசதி உள்ளது. நெடுநேரம் பார்க்காத டேப்புகளை அது உறங்க வைத்து, இடத்தை மீட்டுத் தரும்.

3. நீட்சிகளை நீக்குதல்: நீட்சிகள் என்பவை உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு கருவிகள். அவற்றுள் பல, நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தாமும் புகுந்து வேலை செய்கின்றன. நாம் படிப்பதைக்கூட அவற்றால் பார்க்க முடியும். எனவே தேவையற்றதை அகற்றுவது வேகத்திற்கு மட்டுமன்று, பாதுகாப்பிற்கும் நல்லது. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த நீட்சி எவ்வளவு நினைவகத்தை உண்கிறது என்ற பட்டியல் தோன்றும். அதிகம் உண்பவர் யார் என்று அதில் கண்டுபிடித்துவிடலாம்!

4. கேஷை அறிந்து கையாளுதல்: உலாவி ஒரு பக்கத்தின் படங்கள் முதலியவற்றை முதன்முறை வாங்கியதும் கணினியிலேயே சேமித்து வைக்கிறது. இதுவே கேஷ். அடுத்த முறை அவற்றை மீண்டும் தருவிக்க வேண்டியதில்லை. மாதத்திற்கு வேண்டிய அரிசியை அம்மா ஒரே தடவையில் வாங்கி வைப்பது போன்றது இது. “கேஷை நாள்தோறும் அழித்தால் வேகம் கூடும்” என்று பலர் எண்ணுகின்றனர். அது வாங்கிய அரிசியைக் கொட்டிவிட்டு வேளைக்கு வேளை கடைக்கு ஓடுவதற்குச் சமம். ஒரு பக்கம் தவறாகத் தோன்றும்போதும், வட்டில் இடம் இல்லாதபோதும் மட்டும் அழித்தால் போதும்.

5. புதுப்பித்தல்: புதிய பதிப்புகளில் வேகமும் பாதுகாப்பும் திருத்தப்படுகின்றன. மிகப் பழைய கணினிகளுக்கு மட்டும் இதில் ஓர் இடையூறு உண்டு. விண்டோஸ் 7 உள்ள கணினிகளுக்குக் குரோமின் புதிய பதிப்புகள் 2023-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டன. அத்தகைய கணினியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவலாமா என்று கணினி ஆசிரியையைக் கேளுங்கள்.

6. ஏமாறாதிருத்தல்: “ஒரே அழுத்தில் பத்து மடங்கு வேகம்!” என்று ஆசை காட்டும் இலவச மென்பொருள்களை நிறுவாதீர்கள். அவற்றுள் பல தாமே புதிய சுமையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முடிவுரை

அன்றிரவு அக்கா 26 டேப்புகளை மூடினாள். நான் 10 நீட்சிகளை நீக்கினேன். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினோம். ஆறாம் முறை சான்றிதழ் ஏறியது! விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்ற செய்தி திரையில் வந்தபோது இரவு மணி 10.40. அக்கா இன்று கல்லூரி மாணவி. அம்மாவின் கம்மல் அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

எங்கள் மடிக்கணினி அதனால் புதியதாகிவிடவில்லை. பெரிய காணொளிகளுக்கு அது இன்றும் திணறத்தான் செய்கிறது. ஆனால் ஒரு விண்ணப்பத்திற்கும், பாடத்திற்கும், தேர்வு முடிவு பார்ப்பதற்கும் அது போதும். நம்மில் பலருடைய இல்லங்களில் இருப்பவை இத்தகைய பழைய கணினிகளே. அவற்றை மூலையில் போடுமுன், பெற்றோரிடம் புதியது கேட்டு அடம்பிடிக்குமுன், அப்பா சொன்னது போல் முதலில் சுமையைப் பார்ப்போம். இறக்க வேண்டியதை இறக்கிவிட்டால் பழைய வண்டியும் ஓடும்!