கிராமங்களுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, ஒலுவில் என்று அம்பாறைக் கரையோரத்து எங்கள் ஊர்களுக்கு ஆய்வுக்கும் படமெடுக்கவும் போகிற இளம் பிள்ளைகள் கல்முனையில் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். ஊர் ஆறுதலாக இருப்பவர்களோடுதான் பேசும். அந்த ஆறுதலைப் பழகச் சில வழிகளைச் சொல்கிறேன்.

1. போகம் பார்த்துப் புறப்படுங்கள். பெரும்போக விதைப்பு ஒக்டோபரை ஒட்டித் தொடங்கும். அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். மாரியில் கடல் கொந்தளிக்கும். கரைவலை பார்க்க அது அடங்கிய பிறகு போங்கள். உங்கள் விடுமுறைக்காக வயலும் கடலும் காத்திருக்காது.

2. ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும். பஸ்ஸில் போனால் சாய்ந்தமருது முடிந்து காரைதீவு தொடங்குவதே தெரியாது. இறங்கி நடந்தால்தான் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வருவதும், தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கம் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதும் புரியும்.

3. கடப்படியில் நின்று சலாம் சொல்லுங்கள். மூன்று முறை சொல்லியும் பதில் வராவிட்டால் திரும்பிவிடுங்கள். மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு அது. வீட்டில் ஆண்கள் இல்லையென்றால் ஆண்பிள்ளைகள் உள்ளே போக வேண்டாம். இங்கே வீடு பெண்ணுக்குக் கொடுப்பது. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே அந்த வீட்டு உம்மாவின் சம்மதம் கிடைக்கும்வரை கமராவை எடுக்காதீர்கள்.

4. தேத்தண்ணியை அமர்ந்து குடியுங்கள். "எந்த ஊர் மகன்? வாப்பா ஆரு?" என்று கேட்பார்கள். உங்களோடு ஏதாவது உறவு வருமா என்று தேடுகிறார்கள். முழுப் பதில் சொல்லுங்கள். உங்கள் கேள்விகளை அதன் பிறகு கேட்கலாம்.

5. ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாருங்கள். கரைவலைத் தோணி வலையை வளைத்துப் போட்டுக் கரை சேர்ந்த பின்னர், இரு பக்கக் கயிற்றையும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். மடி கரையேற மணிக்கணக்காகும். பலர் மீன் துள்ளுவதைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பங்கு பிரிக்கும்வரை நில்லுங்கள். வலைக்காரருக்கும் இழுத்தவருக்கும் உள்ள உறவு அப்போதுதான் தெரியும். இடம் கேட்டு நீங்களும் கயிற்றைப் பிடியுங்கள். கூட இழுத்தவனிடம் மனிதர் தாமாகவே பேசுவார்கள். மருதமுனை நெசவிலும் அப்படித்தான்: சாரத்தின் விலையைக் கேட்குமுன் பாவோட்டுவதைப் பாருங்கள்.

6. வயலுக்குப் போனால் வட்டவிதானையைச் சந்தியுங்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர், வாய்க்கால் வழியாக எந்த வரவைக்கு எப்போது பாயும் என்பது அவருக்குத் தெரியும். அவரோடு வரம்பில் நடந்தால் வட்டையின் சண்டையும் சமாதானமும் விளங்கும். காட்டோரத்து வட்டைகளில் பொழுதுபட நிற்காதீர்கள், யானை வரும்.

7. பாங்கு சொன்னால் பேச்சை நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை யாரையும் தேடிப் போகாதீர்கள். அந்த நேரத்தில் ஃபோனையும் பையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கவனிக்கவும் தெரியும்.

8. சுனாமியைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதன் பின் படிவங்களோடும் கமராக்களோடும் வந்தவர்களிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்த மக்கள் இவர்கள். அவர்களாகத் தொடங்கினால் கொப்பியை மூடிவிட்டுக் கேளுங்கள். ஆறுதல் சொல்ல அவசரப்படவும் வேண்டாம்.

9. திரும்பிப் போங்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். பிறகும் பல முறை வந்தார். இக்கரையோரத் தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றிய அவருடைய பெருநூல் 2008இல்தான் வெளிவந்தது. அந்நியர் ஒருவர் அவ்வளவு காலம் கொடுத்தார். நம் மொழி பேசும் நீங்கள் ஒரு பகல் பொழுதோடு முடித்துக்கொள்ளலாமா?

பிள்ளைகளே, அடுத்த முறை போகும்போது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள். மிஞ்சும் நேரத்தை மனிதருக்குக் கொடுங்கள்.